குழந்தைக் குளியலும் இரசாயனமும்

குழந்தைகளுக்கென்று விற்கப்படும் ஷாம்புப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. முன்புறத்தில் சிரிக்கும் மழலை ஒன்றின் படமும், ‘மென்மையானது’, ‘கண்ணீர் வராதது’, ‘இயற்கையானது’ என்பன போன்ற சொற்களும் பெரிய எழுத்தில் இருக்கும். பின்புறத்தைத் திருப்பினால், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கவேண்டிய பொடி எழுத்துகளில், வாய்க்குள் நுழையாத பதினைந்து இருபது பெயர்கள் வரிசையாக நிற்கும். முன்புறத்தை எழுதியவர் விற்பனையாளர். பின்புறத்தை எழுதும்படி செய்தது சட்டம். நான் இன்று பேசப்போவது அந்தப் பின்புறத்தைப் பற்றி.

இதை மாணவர்களாகிய உங்களிடம் பேசுவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் தம்பியோ, தங்கையோ, அக்காளின் குழந்தையோ இருக்குமானால், “நீதானே விஞ்ஞானம் படிக்கிறாய், இதிலே என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்” என்று அந்தப் புட்டி உங்கள் கைக்குத்தான் வரும். கைப்பேசியில் உலவும் செய்தி ஒன்று ‘இதில் புற்றுநோய் இருக்கிறது’ என்று மிரட்டும். கடைக்காரரோ, ‘உலகமெல்லாம் வாங்குகிறார்கள், அஞ்ச வேண்டாம்’ என்பார். இரண்டுக்கும் நடுவில் நின்று நீங்கள் ஒரு விடை சொல்லியாக வேண்டும்.

நான் இரசாயனம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன். ‘இரசாயனம் கலவாதது’ என்னும் விளம்பரத்தைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நீரும் ஓர் இரசாயனப் பொருள் அன்றோ? ஆயினும், தாய்மார்களின் அச்சத்தை அதேபோலச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. குழந்தையின் தோலில் படும் ஒரு பொருளால் குழந்தைகள் மாண்ட வரலாறு உண்மையாகவே உண்டு. அதற்குச் சற்றுப் பின்னர் வருகிறேன். முதலில் தோலைப் பற்றிச் சில சொற்கள்.

நம் தோலின் மேலோடு ஒரு மதிற்சுவர் போன்றது. உயிரற்ற தட்டையான அணுக்கள் அதில் செங்கற்கள். அவற்றுக்கு இடையே நிரம்பியுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. உள்ளிருக்கும் நீர் வெளியே போகாமலும், வெளியிலுள்ள நஞ்சும் கிருமியும் உள்ளே புகாமலும் காப்பது இந்தச் சுவரே. வளர்ந்தவர்களின் தோற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவில் 5ஐ ஒட்டி இருக்கும். அந்த மெல்லிய அமிலம் சுவருக்கு ஒரு காவல். பிறந்த குழந்தையின் தோலில் இது ஏறக்குறைய நடுநிலையில் இருந்து, நாட்களும் வாரங்களும் செல்லச் செல்லத்தான் அமில நிலைக்கு இறங்குகிறது. பச்சிளங் குழந்தைக்குச் சுவரும் மெல்லியது. காவலும் முழுதாக வந்து சேரவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தோலின் பரப்பு ஏறத்தாழ 1.65 சதுர மீட்டர். மூன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஏறத்தாழ 0.22 சதுர மீட்டர். எடையால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிலோ எடைக்கும் குழந்தைக்குள்ள தோல், பெரியவருக்கு உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் வரும். ஒரே பொருளை இருவருக்கும் உடல் முழுவதும் பூசினால், தோல்வழியே உட்செல்வது சம வேகத்தில் நடந்தாலும், குழந்தையின் உடலுக்கு அது இருமடங்குச் சுமை. பெரியவர்களுக்குத் தீங்கற்றது என்பதால் மட்டும் ஒரு பொருள் குழந்தைக்கும் தீங்கற்றது ஆகிவிடாது என்பதற்கு இந்தச் சிறு வகுத்தலே போதிய சான்று.

இனி, அழுக்கை நீக்கும் பொருளுக்கு வருவோம். அழுக்கு பெரும்பாலும் எண்ணெயோடு ஒட்டிக் கிடப்பது. எண்ணெயும் நீரும் சேரா. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு தரகர் வேண்டும். ஒரு முனை நீரை விரும்பவும், மறு முனை எண்ணெயை விரும்பவும் அமைந்த மூலக்கூறுதான் அந்தத் தரகர். சோப்பு இந்த வகையில் மிகப் பழையது. ஆனால் அது காரத்தன்மை உடையது. அதன் கரைசல் பி.எச். 9, 10 வரை போகும். உப்புநீரில் நுரைக்காமல், தலையில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளவும் செய்யும். கிணற்று நீரில் சோப்புத் தேய்த்துத் தலை முழுகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. கொழுப்பில்லாமல் சலவைப் பொருள் செய்யும் முயற்சி அங்கே தொடங்கியது. 1930களில் அமெரிக்காவில் இவ்வகைச் செயற்கைப் பொருளைக் கொண்டே ஷாம்புகள் வந்துவிட்டன.

அவற்றுள் பெயர் பெற்றது சோடியம் லாரில் சல்ஃபேட். பெயர் பயமுறுத்தினாலும், தேங்காய் எண்ணெயிலிருந்தும் பனைக் கொட்டை எண்ணெயிலிருந்தும் கிடைக்கும் கொழுப்புப் பகுதியைக் கொண்டே இதைச் செய்கிறார்கள். இது புற்றுநோயை உண்டாக்கும் என்ற வதந்தி 1998 வாக்கில் மின்னஞ்சல் வழியாகக் கிளம்பிற்று. இன்றும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. அதற்கு விஞ்ஞான ஆதாரம் ஏதும் இல்லை. இல்லாத குற்றத்தை அதன்மேல் சுமத்தும் அவசரத்தில், உள்ள குற்றத்தை நம் மக்கள் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பதே என் குறை. சோடியம் லாரில் சல்ஃபேட் தோலை எரிச்சலூட்டும் பொருள். தோல் மருத்துவ ஆராய்ச்சிச் சாலைகளில், வேண்டுமென்றே தோலை எரிச்சலுறச் செய்து பார்க்க வேண்டியபோது, அளவுகோலாகப் பயன்படுத்துவதே இதைத்தான்! சுவரின் சாந்தாகிய கொழுப்பையும் அழுக்கோடு சேர்த்து இது அள்ளிக்கொண்டு போகிறது.

ஆனால் எவ்வளவு நேரம் தோலில் தங்குகிறது என்பதைப் பொறுத்தது அது. இங்கிலாந்தில் ‘ஏக்குவஸ் கிரீம்’ என்று ஒரு வெண்ணிறக் களிம்பைக் கரப்பான் கண்ட குழந்தைகளுக்கு நெடுங்காலம் தடவி வந்தார்கள். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சோடியம் லாரில் சல்ஃபேட் உண்டு. பாத் நகரப் பல்கலைக் கழகத்தார் 2010இல் அதைச் சோதித்தார்கள் (ஊர்ப் பெயரின் பொருள் குளியல்; பொருத்தம் தானாக அமைந்தது!). தொடர்ந்து தடவி வந்தவர்களின் கையில் மேலோடு மெலிந்திருக்கக் கண்டார்கள். 2013இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இக்களிம்பு எரிச்சல் தரக்கூடும் என்று எச்சரிக்கை விடுத்தது. ஷாம்புவில் அதைவிடப் பன்மடங்கு கூடுதலாக இதே பொருள் இருக்கலாம்; ஆயினும் அது அரை நிமிடத்தில் நீரோடு போய்விடுகிறது. களிம்போ மணிக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஒரு பொருளைப் பற்றி ‘நல்லதா, கெட்டதா’ என்று கேட்பதைவிட, ‘எவ்வளவு, எவ்வளவு நேரம், யாருடைய தோலில்’ என்று கேட்பதே இரசாயனம் கற்றவர் கேட்கும் கேள்வி.

குழந்தை ஷாம்புகளை மென்மையாக்க இருவகை உபாயங்கள் கண்டார்கள். தேங்காய்க் கொழுப்பிலிருந்து செய்யப்படும் கோக்கமிடோபுரொப்பைல் பீட்டேன் போன்ற பொருள்களைச் சேர்ப்பது ஒன்று. இவை மற்ற நுரைப்பொருளின் மூலக்கூறுகளோடு கூடிப் பெரிய பெரிய கூட்டங்களாகத் திரள்கின்றன. தனித்தனியே திரியும் மூலக்கூறுதான் சுவரின் இடுக்கில் எளிதாக நுழையும், பெருங்கூட்டம் நுழையாது. 1950களில் ‘கண்ணீர் வராத’ ஷாம்பு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததற்கும் இத்தகைய பொருள்களே வழி செய்தன. கண் எரியாமலிருக்க ஏதோ மரத்துப்போகும் மருந்து கலக்கிறார்கள் என்று சொல்வார்கள், அது கதை. எரிக்கும் தன்மை குறைந்த பொருளைத் தேர்ந்தெடுத்ததுதான் அதிலுள்ள சூட்சுமம்.

இரண்டாவது உபாயம், சோடியம் லாரில் சல்ஃபேட்டையே சற்று மாற்றியமைத்துச் சோடியம் லாரெத் சல்ஃபேட் ஆக்குவது. இதற்கு எத்திலீன் ஆக்ஸைடு என்ற வாயுவோடு வினைபுரியச் செய்ய வேண்டும். தோலுக்கு இது இதமானதுதான். ஆனால் அந்த வினையில் 1,4-டையாக்ஸேன் என்ற வேண்டாத விருந்தாளியும் சிறிதளவு பிறந்துவிடுகிறது. விலங்குகளுக்குப் பேரளவில் கொடுத்தபோது புற்று உண்டாக்கிய பொருள் அது. மனிதனுக்கும் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை வைத்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. ஆகவே புட்டியின் பின்புறத்தில் அதன் பெயர் இராது. வெற்றிடத்தில் இழுத்து அதை நீக்கிவிட முடியும். முடியும்போது நீக்காமல் விடுவது சோம்பல் அல்லது சிக்கனம். பத்து லட்சத்தில் 10 பங்கு வரை இருந்தால் தீங்கில்லை என்று ஐரோப்பிய விஞ்ஞானக் குழு 2015இல் கருத்துத் தெரிவித்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் அதோடு நில்லாமல், ஷாம்பு முதலியவற்றில் 2023ஆம் ஆண்டு இறுதியிலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று சட்டம் செய்திருக்கிறது. இந்தப் பொருளால் நம் குழந்தைகளுக்கு உடனடி ஆபத்து என்று நான் சொல்லமாட்டேன். செய்பவர் முயன்றால் குறைக்க முடிகிற ஒன்றை வாங்குபவர் ஏன் சுமக்க வேண்டும் என்று நியூயார்க்கார் கேட்டது நியாயமான கேள்விதான்.

இப்போது, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதிக்கு வருகிறேன். நீரும் கொழுப்பும் கலந்த எந்தப் பொருளும் குளியலறையின் வெதுவெதுப்பில் கிருமிகளுக்கு விருந்து. ஆகவே ஷாம்புவில் கெடாமற் காக்கும் பொருள் ஒன்று இருந்தே தீரவேண்டும். ‘அதெல்லாம் எதற்கு, சுத்தமாகச் செய்தால் போதாதா?’ என்று கேட்கலாம். சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குச் செராஷியா என்னும் பாக்டீரியாவின் தொற்று கண்டது. ஆராய்ந்து பார்த்ததில், கிருமி குடியிருந்த இடம் குழந்தை ஷாம்பு! 2011இல் மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளியாயிற்று. நம் வீடுகளில் புட்டி தீரும் தறுவாயில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி இன்னும் நான்கு நாள் ஓட்டுகிறோமே, அந்தச் சிக்கனத்திலும் இதே அபாயம் ஒளிந்திருக்கிறது. ஊற்றிய நீர் காக்கும் பொருளின் வலிமையைக் குறைத்துவிடும். புதிய கிருமிகளையும் உள்ளே கொண்டு சேர்க்கும்.

ஆனால் கிருமியைக் கொல்லும் பொருள் உயிரணுவைத் தாக்கும் பொருள். கிருமி மட்டுமே உயிரணுவால் ஆனதன்று. ஹெக்ஸாக்ளோரோஃபீன் என்ற பொருளின் கதை இதைக் காட்டும்.

1950களிலும் 60களிலும் அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை நூற்றுக்கு மூன்று பங்கு ஹெக்ஸாக்ளோரோஃபீன் கலந்த திரவத்தால் குளிப்பாட்டுவது வழக்கமாயிருந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி பிரசவ அறைகளில் பரவிக் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. இந்தத் திரவம் அக்கிருமியை அடக்கியது. மருத்துவர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. பின்னர், பிறந்த குரங்குக் குட்டிகளை இதே திரவத்தால் 90 நாட்கள் தினமும் கழுவிப் பார்த்தபோது அவற்றின் மூளையில் சிதைவு காணப்பட்டது. 1971 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குழந்தைகளை இதனால் உடல் முழுவதும் குளிப்பாட்டும் வழக்கத்தை விட்டுவிடும்படி அறிவுறுத்தியது.

அதற்கடுத்த ஆண்டில் பிரான்சில் பேரிடி விழுந்தது. மோராஞ்சு என்ற பெயரில் விற்ற குழந்தைப் பவுடர் ஒன்றைப் பூசிய குழந்தைகள் நோயுற்றார்கள். அரைத்துணி படும் இடத்தில் தோல் கன்றிச் சிவந்தது; பின் வலிப்பு கண்டது; சிலர் நினைவிழந்தார்கள். காரணம் உடனே புலப்படவில்லை. தோலில் புண்ணைக் கண்ட தாய்மார்கள், புண் ஆறட்டும் என்று அதே பவுடரை இன்னும் அதிகமாகப் பூசினார்கள். நோயுற்றவர்கள் 204 பேர். அவர்களுள் 36 பேர் இறந்தார்கள். உற்பத்திச் சாலையில் நேர்ந்த தவற்றினால், ஹெக்ஸாக்ளோரோஃபீன் இருக்கவே கூடாத அந்தப் பவுடரில் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் கலந்துவிட்டிருந்தது. சுவர் உடைந்த தோல், துணியால் மூடிக் கட்டிய இடம், கழுவாமல் அப்படியே விட்ட பூச்சு, மூன்றரைக் கிலோ, ஐந்து கிலோ எடையுள்ள சிற்றுடல். இவை நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தன. 1972 செப்டம்பரில் அமெரிக்கா இந்தப் பொருளை மருத்துவரின் சீட்டு இன்றி விற்கத் தடை செய்தது. பிரான்சில் 1975இல் ஒப்பனைப் பொருள்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பா முழுமைக்குமான பொது விதிகளும் பிறந்தன. இன்று புட்டியின் பின்புறத்தில் நாம் படிக்கும் வரிகளுக்கு அந்த முப்பத்தாறு சிறு கல்லறைகளுக்கும் தொடர்பு உண்டு.

கதையின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் நான் உண்மைக்கு மாறானவன் ஆவேன். 1971இன் அறிவுரையைக் கேட்டுக் குளிப்பாட்டுவதை நிறுத்திய அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில், அடுத்த சில வாரங்களிலேயே ஸ்டாஃபிலோகாக்கஸ் மீண்டும் தலைதூக்கிற்று. ஒரு பொருளை எடுத்துவிட்டால் அதன் இடம் வெறுமையாக இருப்பதில்லை. வேறு ஏதோ ஒன்று அங்கே வந்து அமர்கிறது. வருவது என்ன என்று பார்த்த பிறகுதான் போனது நல்லதா என்று சொல்ல முடியும்.

இதற்கு இன்னொரு சான்று நம் காலத்திலேயே நடந்தது. பாரபென் என்பவை 1920களிலிருந்து வழக்கத்திலுள்ள காக்கும் பொருள்கள். ஒவ்வாமை உண்டாக்குவது இவற்றில் மிகக் குறைவு. 2004இல் இங்கிலாந்தில் மார்பகப் புற்றுக் கட்டிகள் இருபதைச் சோதித்தபோது அவற்றில் பாரபென் தென்பட்டது. நல்ல திசுக்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆராய்ச்சி அது. பாரபென்தான் புற்றை உண்டாக்கிற்று என்று அதை நடத்தியவர்களும் நிறுவவில்லை. இவை பெண்மைச் சுரப்பியைப் போல மிகச் சிறிதளவு நடிக்கக்கூடியவை என்பது உண்மை. அதனால் டென்மார்க் 2011இல் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொருள்களில் புரொப்பைல், பியூட்டைல் வகைகளை விலக்கியது. அளவோடு எடுத்த நடவடிக்கை அது. ஆனால் சந்தை அளவோடு நிற்கவில்லை. ‘பாரபென் அற்றது’ என்பது ஒரு விற்பனைக் கொடியாகப் பறக்கத் தொடங்கியது.

எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள்? பல தயாரிப்பாளர்கள் மெதில் ஐசோதயாசோலினோன் என்பதை வைத்தார்கள். ஐரோப்பாவில் 2005 முதல் இதைத் தனியாகப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை சேர்க்க அனுமதி இருந்தது. சில ஆண்டுகளுக்குள் தோல் மருத்துவர்களிடம் சொறியும் சிவப்புமாக மக்கள் வரிசையில் நின்றார்கள். குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள்களால் வாயைச் சுற்றியும் பின்புறத்திலும் ஆறாத தடிப்பு வந்த ஆறு குழந்தைகளைப் பற்றி 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் எழுதிற்று. ஈரத்தாளை நிறுத்தியதும் தடிப்பு மறைந்தது. அமெரிக்க ஒவ்வாமைத் தோல்நோய்ச் சங்கம் 2013க்குரிய ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்ற பட்டத்தை இதற்கே சூட்டியது. 2017இல் ஐரோப்பா, தோலில் தங்கும் பூச்சுகளில் இதை அடியோடு தடுத்தது. கழுவிவிடும் பொருள்களில் 2018 முதல் 100ஐ 15ஆகக் குறைத்தது. நிறுவப்படாத ஓர் அச்சத்துக்காக அமைதியான பொருளை வெளியேற்றி, உண்மையாகவே தொல்லை தரும் பொருளைக் குழந்தையின் தொட்டிலுக்குள் அழைத்து வந்த கதை இது. ஒருமுறை இத்தகைய ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீங்குவதில்லை.

ஃபார்மால்டிஹைடின் வழக்கு சற்று வேறு. சில காக்கும் பொருள்கள் புட்டிக்குள் இருந்தபடியே சிறிது சிறிதாக அதை வெளிவிடும். குவாட்டர்னியம்-15 அவற்றுள் ஒன்று. 2009இல் அமெரிக்காவில் நுகர்வோர் அமைப்பு ஒன்று குழந்தைகளின் குளியல் பொருள்களைச் சோதித்து, தேர்ந்த 28 பொருள்களுள் 23இல் ஃபார்மால்டிஹைடு உண்டு என்று அறிவித்தது. ஜான்ஸன் அண்ட் ஜான்ஸன் நிறுவனம் தன் பொருள்கள் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று வாதிட்டது. ஆப்பிள் பழத்திலும் இது உண்டு என்றது. உண்மைதான், நம் இரத்தத்திலும் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் எப்போதும் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு புற்று உண்டாக்குவது ஆலைகளில் அதன் ஆவியை நெடுங்காலம் சுவாசித்தவர்களுக்கு. ஷாம்புவில் அதனால் வருவது பெரும்பாலும் தோல் ஒவ்வாமைதான். ஆயினும் தாய்மார்கள் விடவில்லை. வாதத்தில் தோற்காத நிறுவனம் சந்தைக்கு அஞ்சி, 2014க்குள் தன் குழந்தைப் பொருள்களின் கலவையை மாற்றி அமைத்தது. 2019இல் ஐரோப்பா குவாட்டர்னியம்-15ஐ ஒப்பனைப் பொருள்களில் தடை செய்துவிட்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘பேசாமல் சீயக்காய்க்கும் பயற்ற மாவுக்கும் திரும்பிவிடலாமே’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பாட்டி கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கணுக்கால்மேல் கிடத்தி, நெற்றியில் கையை அணைபோல் வைத்து நீர் வார்க்கும் அழகை எந்தக் கம்பெனியும் புட்டியில் அடைத்துவிட முடியாது. ஆனால் சீயக்காயிலும் பூந்திக் கொட்டையிலும் நுரை வருவது சப்போனின் என்ற பொருளால். அதுவும் இருமுனைத் தரகர்தான். கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று நமக்குத் தெரியும். பாட்டி நெற்றியில் கையை வைத்தது அதனால்தானே?

இயற்கைப் பொருள் என்பதால் மட்டும் அபயம் இல்லை என்பதற்கு ஜப்பானிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே தேயிலைச் சாற்றின் பெயரால் ஒரு முகச் சோப்பு பெரும் விற்பனை ஆயிற்று. நுரை மென்மையாக வருவதற்காக அதில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்திருந்தார்கள். தினமும் முகம் கழுவி வந்தவர்களின் உடல், தோல்வழியாகவும் கண்வழியாகவும் புகுந்த அந்தப் புரதத்தைப் பகையாகக் கருதப் பழகிவிட்டது. பின்பு ரொட்டி தின்றபோது அவர்களுக்கு முகம் வீங்கியது. சிலருக்கு மூச்சே முட்டியது. 2011இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 2,000 பேருக்கும் மேல். கோதுமையைவிட இயற்கையான பொருள் வேறென்ன இருக்கிறது? கரப்பானால் தோல் உடைந்திருக்கும் குழந்தைக்கு, பால், பாதாம், கோதுமை, கடலை ஆகிய உணவுப் பொருள்கள் கலந்த குளியல் பூச்சைத் தேய்க்கும்முன் மருத்துவரைக் கேட்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

புட்டியின் முன்புறச் சொற்களுக்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஒவ்வாமை தராதது’ என்ற சொல்லுக்குச் சான்று காட்ட வேண்டும் என்று 1975இல் அமெரிக்க நிர்வாகம் விதி செய்தது. ஒப்பனைப் பொருள் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1977 முடிவில் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கிவிட்டது. ஆக, அங்கே அச்சொல்லின் பொருள் அதை அச்சிடுபவரின் விருப்பமே.

பின்புறம் அப்படியன்று. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்தின் கீழ் 2020இல் புதிய ஒப்பனைப் பொருள் விதிகள் வந்தன. அவற்றின்படி, நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் உள்ள பொருள்களை அளவில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும். ஒன்றும் அதற்குக் குறைந்ததுமான பொருள்கள் எந்த வரிசையிலும் பின்னால் வரலாம். முதல் பெயர் நீராக இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதுமாக நிற்பவை நுரைப்பொருள்கள். ஷாம்பு கடுமையா மென்மையா என்பதை அவையே காட்டும். ஏதோ ஒரு பூவின் சாறு முன்புறத்தில் பெரிய எழுத்தில் மின்னும். பின்புறத்தில் பார்த்தால் வாலில், காக்கும் பொருளுக்கும் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கும். அந்த வாலிலேயே ‘பர்ஃப்யூம்’ அல்லது ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்று ஒற்றைச் சொல் காணப்படும். அந்த ஒரு சொல்லுக்குள் பல பத்து மணப்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். ஐரோப்பா 2005 முதல் அவற்றுள் ஒவ்வாமை தரவல்ல 26 பொருள்களையேனும் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்திற்று. 2023இல் அந்தப் பட்டியலை மேலும் நீட்டியது. குழந்தைக்கு வாசனை தேவையில்லை. அது வாங்குபவருக்காகச் சேர்க்கப்படுவது. இரண்டு புட்டிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், மணமற்றதை எடுக்கும்படி சொல்வேன்.

ஷாம்புவே வேண்டுமா என்றும் கேட்கலாம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நலமாகப் பிறந்த 307 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குழந்தைகளுக்கான மென்மையான திரவத்தையும் மற்றதற்கு வெறும் நீரையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வெளியாயிற்று. தோல்வழியே நீர் இழப்பதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தது ஷாம்பு செய்யும் நிறுவனம். ‘எங்கள் பொருள் நீரைப் போல் தீங்கற்றது’ என்று அது மகிழலாம். ‘அப்படியானால் நீரே போதுமே’ என்று வாங்குபவர் புன்னகைக்கலாம். ஒரே எண்ணை இருவரும் தத்தம் பக்கம் இழுக்கிறார்கள். நீங்கள் கல்லூரியில் கற்கும் புள்ளியியல் இத்தகைய இடங்களில்தான் கைகொடுக்கும். என் கருத்தைக் கேட்டால், முதல் சில வாரங்களுக்கு நீர் போதும். பிறந்ததும் உடனே குளிப்பாட்டாமல் 24 மணி நேரமாவது பொறுக்கும்படி உலகச் சுகாதார நிறுவனமும் கூறுகிறது. பின்னர், எண்ணெய் தேய்க்கும் நாளில் அழுக்கு நீங்க மென்மையான திரவம் ஒரு சில துளி போதும். நிறைய நுரை வந்தால் நிறைய சுத்தம் என்பது கண்ணின் மயக்கம். தொடை இடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் நுரை தங்காமல் நன்றாக அலச வேண்டும். கழுவிவிடும் பொருளைத் தங்கும் பொருளாக ஆக்கிவிடும் இடங்கள் அவையே.

அப்படியும் தடிப்போ சிவப்போ தோன்றினால், அந்தப் பொருளை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகும்போது புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்பதை முதுகில் சிறு ஒட்டுகளை ஒட்டி இரண்டு மூன்று நாட்களில் கண்டறியும் முறை தோல் மருத்துவர்களிடம் உண்டு. அதற்கு அவர்களுக்கு வேண்டியது அந்தப் பொடி எழுத்துப் பட்டியல். ஈரக் கை பட்டுப் பட்டு அது ஒரு மாதத்துக்குள் அழிந்துவிடும். புட்டியை வாங்கி வந்த அன்றே கைப்பேசியில் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.